மணப்பாடு முதல் உவரி வரை: ஒருநாள் கடற்கரைச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவிலிலிருந்து வேன் எடுத்து ஆள் கூட்டிவரும் சுற்றுலா நடத்துநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இதை எழுதுகிறவர்கள் மணப்பாடு, பெரியதாழை, கூடுதாழை, உவரிக் கரைகளை நம்பிப் பிழைக்கிறவர்கள். வள்ளம் வைத்திருப்பவர்கள், ஆமைக் காலத்தில் வனத்துறையோடு இராக்காவல் போகிறவர்கள், பறவைக் கணக்கெடுப்புக்கு நடக்கிறவர்கள், உங்கள் வேன்களிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவர்கள் என்று கலந்த கூட்டம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்தக் கரையும் இரண்டானது. மீனும் பறவையும் காற்றும் இன்னும் பழைய திருநெல்வேலிச் சீமைக் கணக்கில்தான் இருக்கின்றன. ஆகவே இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

மார்கழி பிறந்தால் உங்கள் சீசன். அதற்குள் உங்கள் நோட்டீஸின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் போடும் ‘டால்பின் படகுச் சவாரி’யை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக விடிவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள். இந்தக் கரையில் பார்க்க வேண்டிய உயிர்கள் அத்தனையையும் கால் நனையாமலே பார்க்கலாம். பத்து மணிக்கு வந்து சேர்கிறவர்களுக்குத்தான் படகு தேவைப்படுகிறது.

படகு ஏன் கூடாது என்பதை வள்ளக்காரர்களாகவே சொல்கிறோம். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. சில ஊர்களில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்வரிசை, போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் வள்ளத்தை மணலிலிருந்து நேரே அலைக்குள்தான் தள்ளுகிறோம். இருபத்தெட்டு, முப்பது அடி ஃபைபர் வள்ளம் நான்கைந்து பேருக்கும் வலைக்கும் மீனுக்கும் என்று கட்டியது. கனம் அடியில் கிடந்தால்தான் அது நிதானமாக நிற்கும். பதினைந்து பேரைக் குறுக்குப் பலகைகளில் உட்காரவைத்தால் கனம் மேலே ஏறிவிடுகிறது. பிறகு யாராவது ஒருவர் “அந்தா, டால்பின்!” என்கிறார், பதினைந்து பேரும் செல்போனோடு ஒரே பக்கம் எழுந்து நிற்கிறார்கள். அந்த நொடியில் பக்கவாட்டில் நடுத்தரமான ஒரு அலை வந்தாலே போதும்.

திரும்பி வரும்போது ஆபத்து இன்னும் அதிகம். அலை உடையும் இடத்தில் வள்ளத்தின் வேகம் அலையின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிந்தினால் பின்னலை உள்ளே ஏறும். முந்தினால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, முன்னலையின் பள்ளத்தில் குத்தி வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். கூட இருப்பவர்கள் கடலோடிகள் என்றால் அந்த நேரத்தில் உடம்பைச் சாய்த்துக் கொடுப்பார்கள், இல்லையென்றால் குதித்துக் கரையேறுவார்கள். சேலை கட்டிய, நீச்சல் தெரியாத, மடியில் பிள்ளை வைத்திருக்கிற ஒருவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? 2017 பிப்ரவரியில் மணப்பாட்டுக் கடலில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பலர் இறந்ததை இந்தக் கரை மறக்கவில்லை. உங்களில் சிலர் மறந்துவிட்டீர்களோ என்றுதான் சந்தேகம்.

லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறோமே என்பீர்கள். வெயிலில் வருஷக்கணக்காகத் தொங்கிய ஜாக்கெட்டின் பட்டைத் தையல் ஈரத்தில் இழுத்தால் பிய்ந்து வரும். பெரியவர்களின் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிக் கீழே போகும். நல்ல ஜாக்கெட்டாகவே இருக்கட்டும், மீன்பிடிக்கப் பதிவு செய்த வள்ளத்தில் பயணிகளை ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிற்காது, வள்ளக்காரர் உள்ளே போவார், நீங்கள் அடுத்த வாரம் வேறு ஊருக்கு வண்டி விடுவீர்கள். எங்கள் ஆட்களும் பணத்துக்கு ஆசைப்பட்டு ஏற்றுகிறார்கள், அதை மறைக்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டால் அவர்கள் ஏற்ற மாட்டார்கள்.

இனி, கரையிலிருந்தே டால்பின் பார்க்கும் விதம். மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்பாறை மேடுதான் இந்தக் கரையிலேயே நல்ல பார்வை மேடை. 1581-இல் கட்டிய ஆலயம் அது. உயரத்திலிருந்து பார்க்கும்போது அலைகளுக்கு இடையிலுள்ள பள்ளமும் தெரியும், கரையில் நின்றால் அது மறைந்துவிடும். விடிந்த பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரம் கடல் எண்ணெய் விட்டதுபோல் கிடக்கும். நிலம் சூடேறியதும் கடற்காற்று எழும்பும், ஒன்பதரை பத்துக்கு வெள்ளை நுரை தலைகாட்டும், பிறகு முதுகுத் துடுப்பையும் நுரையையும் பிரித்துப் பார்க்க எங்களாலேயே முடியாது. முதலில் டால்பினைத் தேடாதீர்கள், ஆலா என்னும் கடற்பறவைகளைத் தேடுங்கள். ஆலாக்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தலைகுப்புறப் பாய்ந்தால் அடியில் சாளையோ நெத்திலியோ கூட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி போதும். பத்து மடங்கு என்றால் காற்றில் கை ஆடி எல்லாம் ஆடும். வெயில் கடலுக்கு மேலிருந்து எழுவதால் நேர் கிழக்கே பார்த்தால் கண் கூசும், எதுவும் கரிய நிழலாகத்தான் தெரியும். தெற்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சத்தத்தோடு துரத்தினால் மூழ்கி எங்கோ போய் எழும்பும் அதே கூட்டத்தை, மேட்டில் அமைதியாக நின்றவர்கள் நெடுநேரம் பார்த்திருக்கிறார்கள். வராத நாளும் உண்டு. நோட்டீஸில் ‘கண்டிப்பாக’ என்று போடாதீர்கள்.

மேட்டின் விளிம்பில் நிற்கவிட வேண்டாம். இந்தப் பாறை இறுகிய மணல்தான், கருங்கல் இல்லை. அலை அடியை அரித்துக்கொண்டே போவதால் மேலே தட்டு நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. விளிம்பிலிருந்து ஐந்தடி உள்ளே கோடு போட்டு நிறுத்துங்கள். அடியில் நிழல் இருக்கிறதே என்று குடும்பத்தோடு உட்காருகிறவர்களையும் எழுப்பிவிடுங்கள். மழைக்குப் பிந்திய வாரங்களில்தான் கட்டி கட்டியாக விழும்.

நாளை எப்படி வகுப்பது? பாளையங்கோட்டையிலிருந்து நாலரைக்கு வண்டி கிளம்பினால் திருச்செந்தூர் வழியாக ஆறேகாலுக்கு மணப்பாடு. தை மாதத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும், நேரம் சரியாக இருக்கும். எட்டரை வரை மேடும், கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகமும். அதன்பின் ஒரு மணி நேரம் தேரி என்னும் செம்மணல் மேடுகள். பதினொரு மணிக்குள் உவரி. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை திசையன்விளையில் சாப்பாடும் நிழலும். அந்த நேரத்தில் கரையில் பறவையும் இருக்காது, மனிதனும் இருக்கக் கூடாது. மூன்றுக்குக் கிளம்பி நாங்குநேரிப் பக்கம் ஏறி நாலரைக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். இருட்டும்போது அங்கிருந்து நெல்லைக்குத் திரும்பல். அவ்வளவுதான், நான்கு இடம். உங்கள் நோட்டீஸில் பதினொரு இடம் இருக்கிறது. பதினொன்றில் ஏழு இடத்தில் பயணிகள் பார்ப்பது வேன் கண்ணாடியையும் அடுத்தவர் தலையையும்தான்.

திருவிழா நாள்களைத் தவிர்ப்பது உங்களுக்கே நல்லது. குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், செப்டம்பர் 14-ஐ ஒட்டிய மணப்பாட்டுத் திருவிழா, உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலின் தைப்பூசம், வைகாசி விசாகம், சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகும் பங்குனி உத்திரம் ஆகிய நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் நகராது. கும்பிட வருகிறவர்களுக்கு அந்த நாள், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. இன்னொன்று ஞாயிறு. உங்கள் வண்டிகளில் பாதி ஞாயிற்றுக்கிழமைதான் வருகின்றன. கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை. மீன் ஏலம் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வள்ளங்களைக் காட்டி என்ன பயன்? சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்.

ஏலம் நடக்கும் இடத்துக்குப் போகுமுன் ஊர்க் கமிட்டியிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். அங்கே நடப்பது வியாபாரம், வேடிக்கை கிடையாது. ஏலத்துக்கும் கூறு வைத்திருக்கும் பெண்களுக்கும் நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் விலை கேட்கிறவர்களுக்குச் சத்தம் கேட்காது. காயும் வலையை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. சுற்றிப் போகச் சொல்லுங்கள். மீன் வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் நாள் முழுக்க வேனில் கிடக்கும் மீன் நெல்லைக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள்.

பருவம் தெரியாமல் வண்டி விடுவதுதான் பல விபத்துகளுக்கு மூலம். மார்கழியிலிருந்து பங்குனி முடிய நல்ல காலம். வலசைப் பறவைகள் இருக்கும், கடல் காலையில் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்னும் மேல்காற்று ஏறும். மணல் கண்ணில் அடிக்கும், கேமராவின் லென்சில் துகள் புகுந்து வளையம் திருகாமல் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு இடி மின்னல். வெட்டவெளியில் பனைமரத்தடியில் ஒதுங்காமல் வண்டிக்குள் ஏறச் சொல்லுங்கள்.

சித்திரை, வைகாசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கள்ளக்கடல் வரும். தெற்கே எங்கோ நடுச்சமுத்திரத்தில் அடித்த புயலின் அலைவீச்சு பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, கடல் அழகாகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு அலை வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி இருபது முப்பது அடி கரைக்குள் ஏறி மணலில் நிற்பவர்களைச் சுருட்டிக்கொண்டு போகும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம், இன்காய்ஸ், இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். முந்தைய நாள் மாலையும் கிளம்பும் காலையும் அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதை உங்கள் டிரைவரின் வேலையாக எழுதி வையுங்கள். டயர் காற்று பார்க்கிற மாதிரி.

குளிப்பது? எங்கள் கருத்தில் இந்தப் பயணத்தில் குளியலே வேண்டாம். முழங்கால் வரை நனைக்கத்தான் செய்வார்கள் என்றால் இழுப்பு இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள். அலை வரிசையாக உடைந்து வரும் கரையில், ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, மணல் கலங்கிப்போய், நுரை கடலை நோக்கி நகர்ந்தால் அதுதான் இழுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும், நேரே அங்கே போய் இறங்குவார்கள். கரையில் குவிந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்தபின்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். தூண்டில் வளைவின் ஓரங்களில் இந்த இழுப்பு பெரும்பாலும் இருக்கும். அந்தக் கற்களின் மேல் ஏறுவதையும் தடுங்கள். பாசி பிடித்த கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் விழுந்த காலை எடுக்க நாலு பேர் வேண்டும்.

பாறையில் உயிர் பார்ப்பது இந்தக் கரையின் பெரிய சொத்து, யாரும் காட்டுவதில்லை. இங்கே கடல்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே வித்தியாசம். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களின் வற்றத்தில்தான் பாறைக் குழிகள் நன்றாகத் திறக்கும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கி, தண்ணீர் திரும்பியதும் ஏறிவிட வேண்டும். கொட்டலசு என்னும் சின்ன ஓட்டுயிர்கள் ஒட்டிய வறண்ட பாறையில் கால் வைக்கலாம், பிடிப்பு இருக்கும். பச்சைப் பாசி மினுங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. ரப்பர் செருப்பு உதவாது, கேன்வாஸ் ஷூ வேண்டும். ஒரு குழியின் ஓரத்தில் குந்தி, நிழல் தண்ணீரில் விழாமல், ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் நண்டு வரும், பிறகு சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டு நகரும், பிறகு கடல் சாமந்தி விரியும். கல்லைப் புரட்டினால் அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் ஒரு மணி நேரம் தாங்காது. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்கக் கூடாது, சில வகைகளின் கொடுக்கு ஆளைக் கொல்லும். கரைவலையில் வந்து மணலில் கிடக்கும் கடல்பாம்பையும் தொடக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது, கடல்பாம்புக்கு வேலை செய்யாது.

பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை விற்க வந்தால் உங்கள் பயணிகளை வாங்கவிடாதீர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் மாட்டுவது விற்றவர் அல்ல, பையில் வைத்திருப்பவர்தான்.

பறவைகள். கழிமுகத்து மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேர்ந்து ஒரே திசையில், காற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் ஓடி, எல்லாம் எழும்பிப் பறப்பதை வீடியோ எடுக்கிறார்கள். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் சேர்த்துவைத்த கொழுப்பின் செலவு. ஐம்பது மீட்டருக்கு இப்பால் நில்லுங்கள். பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தால் நின்றுவிடுங்கள், நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். கோடையில் உப்புக்கொத்திகளும் சில ஆலாக்களும் வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டை மணலின் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து முன்னால் ஓடினால் கூடு காலடியில் இருக்கிறது, வந்த தடத்திலேயே திரும்புங்கள். டிரோன் பறக்கவிடவே கூடாது. பறவைக்கு அது பருந்து. போலீசுக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை: தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ஏவுதளம், இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்கிறோம்.

பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி ஒரு குழிக்கு நூறு, நூற்றிருபது முட்டை இடும். வனத்துறை அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு வரும். கடலில் விடும் நேரத்தை அவர்கள் முடிவு செய்வார்கள், உங்கள் வேன் நேரத்துக்குக் குஞ்சு பொரிக்காது. முன்னதாகக் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டும் கூட்டிப்போங்கள். குஞ்சுகளின் பின்னால்தான் நிற்க வேண்டும். ஃபிளாஷ், டார்ச் கூடாது. வெளிச்சமான தொடுவானம் எதுவோ அதுதான் கடல் என்று குஞ்சு நம்புகிறது. அது நடக்கப்போகும் மணலில் முன்கூட்டியே கால்தடங்களைச் சமப்படுத்திவிடுங்கள். ஒரு ஆளின் குதிகால் பள்ளம், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய குஞ்சுக்கு ஏற முடியாத குழி. கையில் எடுத்துத் தண்ணீரில் விடுவது இரக்கம் இல்லை, மணலில் நடந்து போவதும் அதற்கு வேண்டியதுதான். பைக், ஜீப் எதையும் மணலில் இறக்கக் கூடாது. டயர் அமுக்கிய மணலின் அடியில் எடுக்காமல் விட்ட குழி இருக்கலாம். சாப்பாட்டு இலையை அங்கேயே போட்டால் நாய் பழகும், பழகிய நாய் இரவில் முட்டையைத் தோண்டும்.

திமிங்கிலம் ஒதுங்கினால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 1973 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் ஆலந்தலையிலிருந்து மணப்பாடு வரை எண்பதுக்கு மேல் ஒதுங்கி, பாதிக்கு மேல் செத்தன. கடலுக்குள் தள்ளிவிட்ட சில திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் போகாத சாதி அது, ஒன்று கரையில் கத்தினால் மற்றவை வரும். உயிரோடு ஒன்று கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு விலகும். தலைக்கு மேலுள்ள மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. ஈரத் துணி போர்த்தி, துளையை விட்டு மற்ற இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிக் கொடுங்கள், நிமிர்ந்து படுக்கும். கூட்டத்தை விலக்குங்கள். வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். முதுகில் ஏறி நின்று படம் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். அது உங்கள் வண்டியில் வந்தவர் என்றால் வெட்கம் உங்களுக்குத்தான்.

தேரிக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் ஒன்பதரைக்குள் முடிய வேண்டும். இரும்புத் துரு படிந்த அந்தச் செம்மணல் வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவு காயும். மேற்கிலிருந்து கச்சான் கொண்டுவந்து கொட்டிய மணல் அது, இன்னும் நகர்கிறது. பெரும்பகுதி காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டெம்போ டிராவலரைத் தார்ச்சாலையை விட்டு ஒரு சாண் இறக்காதீர்கள். சிக்கிய சக்கரத்தை முடுக்க முடுக்க அச்சு வரை புதையும், பிறகு டிராக்டர்தான். மேடுகள் எல்லாம் ஒன்றுபோலிருக்கும், காற்று பத்து நிமிடத்தில் காலடியை அழித்துவிடும். பனை வரிசை ஒன்றையோ செல்போன் கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளாமல் பிரிந்து போகவிடக் கூடாது. உடைமர முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும். மாசி பிறந்தால் ஓரத்துப் பனைகளில் பதனி கிடைக்கும், இறக்கிய சூட்டோடு குடிக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் புளிப்பு ஏறும். கருப்பட்டி வாங்குகிறவர்கள் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்கட்டும், உள்ளே சீனிப் பளபளப்பு தெரிந்தால் வேண்டாம். இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

கூந்தன்குளத்துக்குக் கிளம்புமுன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வராத வருஷம் பறவையும் வராது. 1994-இல் சரணாலயமாக அறிவித்த குளம், 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியல் அறிவிப்பிலும் இடம்பெற்றது. அதற்கெல்லாம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் காத்தது. வாசல் மரத்தில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டினால் அவர்கள் விரட்டுவதில்லை, பட்டாசும் வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் போட்டு வளர்க்கிறார்கள். உங்கள் ஏர்ஹாரனை ஊர் எல்லையிலேயே அணைத்துவிடுங்கள். பார்வைக் கோபுரத்தில் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர்தான். மாலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்றால் வரித்தலை வாத்தின் தலைக்கோடு இரண்டும் கண்ணாலேயே தெரியும்.

ஆள் கணக்கு: ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேர், வரிசையின் கடைசியில் இன்னொருவர். ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி. ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் கட்டாயம். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்தால் வலி அடங்கும். குத்தப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, நல்ல காலால் சோதித்துவிட்டு வையுங்கள். முள் ஆழமாக நின்றால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு. சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல் போட்டுத் தேய்க்கவும் கூடாது, இரண்டுமே ஒட்டியிருக்கும் விஷப்பைகளை வெடிக்க வைக்கும். கடல் நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்து, பிறகு சூட்டு நீர். மூச்சு முட்டினால் 108. கடலில் யாராவது மாட்டினால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இந்த மூன்றும் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சாகட்டும்.

பெண்கள் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவது கழிப்பறை. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் நம்பிக் கூட்டிப்போகிற மாதிரி அதிகம் இல்லை. பெட்ரோல் பங்க், கோயில், ஆலயம் என்று எங்கே திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் வருகிறது என்பதை முதல் நாளே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பகல் பன்னிரண்டுக்குத் தேரி ஓரத்தில் மயங்கி விழுவதற்குக் காரணம் வெயில் என்று நீங்கள் எழுதுவீர்கள்.

கார்த்திகை முடிவதற்குள் புது நோட்டீஸ் அடித்தால் ஒரு பிரதியை உவரியிலும் மணப்பாட்டிலும் ஊர்க் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அதில் படகு இல்லையென்றால் சீசனின் முதல் வண்டிக்கு எங்களில் ஒருவர் கூலி வாங்காமல் வழி சொல்ல வருவோம். படகு இருந்தால், வள்ளத்தைத் தள்ள வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடமும், வண்டி வரும் நாளைக் கடலோரப் போலீசிடமும் சொல்லிவிடுவோம். முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மணப்பாடு, பெரியதாழை, கூடுதாழை, உவரிக் கரையோர வழிகாட்டிகளும் வள்ளக்காரர்களும்